சரக்கு விமானத்துக்கு மூன்று பச்சைப் பொட்டு

உன் அப்பன் ஏமாற்றினான் என்று சொல்லாதே, சோதித்தான் என்று சொல். இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாதவனை எந்தக் கம்பெனி நம்பி விமானம் ஓட்ட எடுத்தது என்று எனக்குப் புரியவில்லை. காலையில் நீ கதவைச் சாத்திய வேகத்தில் சுவர்க் காலண்டர் கீழே விழுந்தது. அதை எடுத்து மாட்டிவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். "பேப்பர்ல செஞ்ச பித்தலாட்டத்த வச்சி என் வேலைய எடை போடாதப்பா" என்று வாசலில் நின்று சொன்னாயே, அதற்குப் பதில் இது. வாயால் சொன்னால் நீ குறுக்கே பேசுவாய். காகிதத்தைக் குறுக்கே பேசி நிறுத்த முடியாது. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் எழுத்து. பிழை இருந்தால் நீயே திருத்திக்கொள்.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். உனக்குத் தெரிந்த கதைதான். ஆனாலும் உன்னைப்போல் சரக்கு விமானத்தில் புதிதாகச் சேருகிற பிள்ளைகள் யாராவது படித்தால் அவர்களுக்கும் புரியட்டும். மூன்று வாரம் சென்னையில் வகுப்பு முடித்துவிட்டு, ஹைதராபாத்தில் சிமுலேட்டர் தொடங்குவதற்கு முன்னால் நான்கு நாள் லீவில் நம் திருப்பாதிரிப்புலியூர் வீட்டுக்கு வந்தாய். வரும்போது ஒரு பெரிய காகிதச் சுருள் கொண்டுவந்தாய். உன் அம்மா கல்யாணப் பத்திரிகை மாதிரியோ என்று ஆசையோடு பிரித்தாள். விமானத்தின் முன்பக்க அறை, அத்தனை சுவிட்சும் அளவு மாறாமல் அச்சடித்த படம். அதைப் பீரோ கதவில் ஒட்டி, முன்னால் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, "ப்பா, நீதான் கேப்டன். லெப்ட்ல உக்காரு" என்றாய். முப்பது வருஷம் லாரி ஓட்டினவனுக்கு இடது பக்கம் என்றால் கிளீனர் சீட்டு. "கேப்டனுன்னு சொல்லிட்டு கிளீனர் எடத்துல ஒக்கார வெக்கறியாடா" என்றேன். விமானத்தில் பெரியவர் இடதுபுறம்தான் உட்காருவாராம். சரி என்று உட்கார்ந்தேன். நான் செக்லிஸ்ட் படிக்க வேண்டும், நீ ஒவ்வொன்றாகப் பார்த்துப் பதில் சொல்ல வேண்டும். இங்கிலீஷை எனக்குத் தமிழ் எழுத்தில் எழுதிக் கொடுத்தாய். அதை நான் கோயிலில் அர்ச்சனைக்குப் பேர் சொல்வதுபோல் படித்தேன் என்று அம்மா இரண்டு நாளாய்ச் சிரித்தாள்.

சக்கரம் மூன்றும் சரியாக இறங்கிப் பூட்டிக்கொண்டால் மூன்று பச்சை விளக்கு எரியும் என்று சொன்னாய். படத்தில் விளக்கு கறுப்பாய் இருந்ததால் அம்மாவின் ஸ்டிக்கர் பொட்டில் மூன்று பச்சையை எடுத்து நீயே ஒட்டினாய். இன்று காலை நீ பல் தேய்க்கப் போனபோது நான் ஒன்றை உரித்துவிட்டேன். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து கம்பீரமாக "லேண்டிங் கியர்" என்றேன். நீ காபியை ஆற்றிக்கொண்டே "டவுன், த்ரீ கிரீன்" என்றாய். சரி, அவசரத்தில் சொல்லியிருப்பான் என்று திரும்பவும் முதலிலிருந்து வந்தேன். "த்ரீ கிரீன்." மூன்றாவது தடவையும் அதேதான். இரண்டு பொட்டுதானடா இருந்தது. மூன்றாவது பொட்டு என் நெற்றியில் இருந்தது. சக்கரத்தையும் பார்க்கவில்லை, பக்கத்தில் உட்கார்ந்திருந்த கேப்டன் மூஞ்சியையும் பார்க்கவில்லை. அம்மா சமையல்கட்டு வாசலில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாளே, அவளைப் பார்த்துத்தான் உனக்கே விஷயம் தெரிந்தது.

சிரித்துவிட்டுப் போயிருந்தால் சண்டையே இல்லை. ஆனால் நான் பொட்டை உரிப்பதற்கு ஐந்து நிமிஷம் முன்னால்தான் போனில் ஒரு மெயிலைக் காட்டினாய். சிமுலேட்டரில் உனக்கு ஜோடியாகப் போட்டிருக்கிற சுந்தரம் சாரை மாற்றி, வேறு ஆள் போடச் சொல்லிப் பயிற்சி ஆபீசுக்கு எழுதியது. இன்று மாலை ஐந்து மணிக்குள் அனுப்பினால்தான் செல்லுமாம். "ஆளு ரொம்ப ஸ்லோப்பா. நாப்பத்தோரு வயசு. இத்தினி வருசமா சின்ன பிளேன்ல பசங்களுக்குப் பாடம் எடுத்துட்டு இப்பதான் பெருசுக்கு வராரு. ஒரு சுவிட்ச கேட்டா வெரல வெச்சி, உத்துப் பாத்து, அப்புறமாத்தான் வாயத் தொறக்கறாரு. அவரோட போனா நானும் சேந்து முழுகுவேன்" என்றாய். அவருக்கு ஜோடி கிடைக்காவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டேன். "அடுத்த பேட்சுக்குத் தள்ளுவாங்க, அது எப்போன்னு தெரியாது" என்று நகத்தைக் கடித்துக்கொண்டு சொன்னாய். அதைக் கேட்டபிறகுதான் எனக்குப் பொட்டை உரிக்கத் தோன்றியது. அதை வெறும் விளையாட்டு என்று நினைத்துக்கொண்டு சிதம்பரத்துக்கு அக்கா வீட்டுக்குக் கிளம்பிவிட்டாய். மெயில் இன்னும் போகவில்லை என்று நம்பித்தான் எழுதுகிறேன்.

உன் பயிற்சியைப் பற்றி எனக்கு என்ன தெரியும் என்று கேட்பாய். நீ தினமும் சாயங்காலம் போனில் சொன்னதையெல்லாம் அம்மா பாதிதான் கேட்டாள், "சாப்டியா" என்பது மீதி. முழுதும் கேட்டவன் நான்தான். முதல் நாள் விமானத்தைக் கண்ணிலேயே காட்டவில்லை. அடையாள அட்டை, நூறு இடத்தில் கையெழுத்து, பிறகு ஒரு டேப்லெட் நிறையப் புத்தகம். "இதுவரைக்கும் கத்துக்கினத மூட்ட கட்டி வெச்சிடணுமாம்பா. இங்க இவுங்க சொல்ற வார்த்தையத்தான் சொல்லணும், எந்த சுவிட்ச எந்தக் கை தொடணும்னுகூட எழுதியிருக்கு" என்று அலுத்துக்கொண்டாய். நான் முதலாளி மாறும்போதெல்லாம் இதே கதைதான். ஒருத்தருக்கு ஹாரன் அடித்தால் பிடிக்காது, ஒருத்தருக்கு அடிக்காவிட்டால் தூங்குகிறான் என்று சந்தேகம். நாளைக்கு உன் பக்கத்தில் உட்காருகிற கேப்டன் முன்பின் பார்க்காத ஆளாக இருப்பார். இரண்டு பேரும் ஒரே வார்த்தை பேசினால்தானே நடுவானத்தில் "நீ என்ன சொன்னே" என்று கேட்காமல் இருக்க முடியும்.

இரண்டாவது வாரம் புகை முகமூடியை மாட்டிக் கண்ணை மூடிக்கொண்டு தடவித் தடவி வழி கண்டுபிடிக்க விட்டார்கள். ஜன்னல் வழியாகக் கயிற்றைப் பிடித்து இறங்கச் சொன்னார்கள். நீச்சல் குளத்தில் ரப்பர் படகில் ஏறச் சொன்னார்கள். கடலூரில் பிறந்துவிட்டுக் குளத்தில் நீதான் கடைசியாக ஏறினாய் என்று நீயே ஒத்துக்கொண்டாய். துறைமுகத்தில் என் சிநேகிதர்களிடம் இதை நான் சொல்லவில்லை. இரண்டு பேரிடம்தான் சொன்னேன். பிறகு ஆபத்தான சரக்கு வகுப்பு. பேட்டரி, ஆசிட், டிரை ஐஸ் என்கிற உறைபனிக் கட்டி, எதை எதோடு சேர்த்து ஏற்றக் கூடாது, எந்த ஸ்டிக்கர் எதற்கு என்று ஒரு முழு நாள் நடந்தது. அன்றைக்கு நான் போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டு நகர்ந்துவிட்டேன். ஏன் என்று இப்போது சொல்கிறேன். செம்மங்குப்பம் பக்கம் கெமிக்கல் கம்பெனியில் டிரம் ஏற்றிய காலத்தில், மண்டையோடு போட்ட ஸ்டிக்கர் ஒன்றை டிரம்மிலிருந்து உரித்து என் சாப்பாட்டுத் தூக்கில் ஒட்டிக்கொண்டேன். அம்மா வைக்கிற கருவாட்டுக் குழம்பை மற்ற டிரைவர்கள் சுத்தமாய் வழித்துத் தின்றுவிடுவார்கள், அதற்காகத்தான். அதற்கப்புறம் ஒருத்தனும் தூக்கைத் தொடவில்லை. ஆனால் போன ஊரில் அந்த டிரம்மை இறக்கினவர், ஒன்றும் ஒட்டவில்லையே என்று வெறும் கையால் உருட்டினார். கை இரண்டும் வெந்ததுபோல் சிவந்து, அடுத்த தடவை நான் போனபோதுகூடத் துணி சுற்றியிருந்தார். ஏன் என்று அவருக்கும் தெரியாது. நான் சொல்லவும் இல்லை. ஒரு குழம்புக்காக ஒரு மனுஷன் கையைப் புண்ணாக்கினவன் உன் அப்பன். அதனால் அந்தப் பாடத்தை மட்டும் ஒழுங்காகப் படி.

சரக்கு விமானம் என்றதும் தெருவில் கொஞ்சம் முகம் சுளித்தார்கள். உனக்கும் அந்த வருத்தம் இருக்கிறது, எனக்குத் தெரியும். எதிர்வீட்டு மாமா, "பிளேன் ஓட்டறான்னு சொன்னீங்க, லக்கேஜ் வண்டியாமே" என்றார். "ஆமா மாமா, உங்கள மாதிரி பேசற சரக்கு இல்ல, பேசாத சரக்கு" என்றேன். அதற்கப்புறம் அவர் விமானத்தைப் பற்றிப் பேசுவதில்லை. ஆனால் பேசாத சரக்குதான் கஷ்டம். பயணிகள் விமானத்தில் பின்னால் புகை வந்தால் யாராவது கத்துவார்கள், பணிப்பெண் போன் பண்ணுவாள். உங்களுக்குப் பின்னால் பூட்டுப் போட்ட தட்டுத் தட்டாகச் சாமான்தான். அது நகர்ந்தாலும் சொல்லாது, எரிந்தாலும் முதலில் சொல்லாது. முன்னால் உட்கார்ந்திருக்கிற இரண்டு பேருடைய நாலு கண்தான் எல்லாம். அந்த நாலில் இரண்டு காபியைப் பார்த்துக்கொண்டிருந்தால் மிச்சம் எத்தனை என்று நீயே கணக்குப் போடு.

இனி வரப்போவது சிமுலேட்டர். கால் முளைத்த டப்பா, உள்ளே உட்கார்ந்தால் நிஜம்போலவே ஆட்டும் என்றாய். பாதி நேரம் நீ ஓட்ட அவர் பார்க்க வேண்டும், மீதி நேரம் அவர் ஓட்ட நீ பார்க்க வேண்டும். பின்னால் ஒரு வாத்தியார் உட்கார்ந்துகொண்டு, நீ மேலே கிளம்புகிற நொடியில் ஒரு இன்ஜினை அணைப்பார், தீ வைப்பார், சக்கரத்தைச் சிக்க வைப்பார். மாமியார் வீட்டில்கூட இத்தனை சோதனை இருக்காது. முதல் இரண்டு மூன்று நாள் எல்லாரும் உளறுவார்களாம். கை ஒரு பக்கம் போகும், வாய் ஒரு பக்கம் போகும். அதற்காக ராத்திரி அம்மாவுக்குப் போன் பண்ணி அழாதே, அவள் உடனே பஸ் ஏறிவிடுவாள். அதெல்லாம் முடிந்து பரீட்சையும் தேறினால், நிஜ விமானத்தில் ஒரு பயிற்சிக் கேப்டன் பக்கத்தில் உட்கார வைப்பார்கள். அங்கே முதல் நாளே சரக்கு நிஜம். ஊர் தூங்கும்போது நீ ஓட்டுவாய், ஊர் விழித்திருக்கும்போது நீ தூங்க வேண்டும். நம் வீட்டில் பகலில் தூங்கினால் மூதேவி என்பாள் அம்மா. உன் ஒருத்தனுக்கு மட்டும் அந்தச் சட்டத்தைத் தளர்த்தியிருக்கிறாள்.

இதில் எங்கேயும் வேகமாகப் பதில் சொன்னால் கூடுதல் மார்க் என்று நீ சொல்லிக் கேட்டதில்லை. ஆனாலும் உனக்குச் சுந்தரம் சார் பாரமாகத் தெரிகிறார். எனக்கு ஏன் இதில் இத்தனை அக்கறை என்றால், நானும் ஒரு சுந்தரம் சாரை மாற்றினவன். இந்தக் கதையை உனக்கு வேறு மாதிரி சொல்லி வைத்திருக்கிறேன். சவுக்குக் கட்டை சரிந்த கதை. கயிறு பழசு, ரோடு மோசம், முதலாளி கஞ்சன் என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன். அது பொய். ரோடு நன்றாகத்தான் இருந்தது. கயிறு அந்த மாதம் வாங்கியது.

அப்போது என்னிடம் கலியமூர்த்தி என்று ஒரு கிளீனர் இருந்தார். என்னைவிட மூத்தவர். லோடு ஏற்றி முடித்தால் வண்டியை இரண்டு சுற்றுச் சுற்றுவார். ஒவ்வொரு கயிற்றையும் பிடித்துத் தொங்கிப் பார்ப்பார், ஒவ்வொரு முடிச்சையும் காலால் உதைப்பார். அப்புறம்தான் "ரைட்" வரும். மற்ற வண்டியெல்லாம் ஆலப்பாக்கம் தாண்டியிருக்கும், நாங்கள் இன்னும் கடலூரிலேயே நிற்போம். "இன்னா மூர்த்தி, சாமி கும்புட சுத்தற மாதிரி சுத்தற, கற்பூரம் ஏத்தட்டுமா" என்று எல்லார் முன்னாலும் கிண்டல் பண்ணுவேன். அவர், "கட்ட உழுந்தா கற்பூரம் நமக்குத்தான் ஏத்துவாங்க அண்ண" என்பார். வயதில் மூத்தவர்தான், ஆனாலும் ஓட்டுகிறவன் என்கிற மரியாதைக்கு என்னை அண்ணன் என்பார். முதலாளியிடம் சொல்லி அவரை மாற்றினேன். ஆள் மந்தம், டிரிப் குறையுது என்றேன். அவருக்குப் பதிலாக வந்தவன் நல்ல சுறுசுறுப்பு. நான் சாவியைத் திருப்பும்போதே "ரைட் ரைட்" என்று தட்டிவிடுவான். எனக்கு அவனை ரொம்பப் பிடித்தது, ஏனென்றால் அவன் வாய் என் வாயைப் போலவே இருந்தது.

ஒரு நாள் சவுக்குக் கட்டை ஏற்றிக்கொண்டு சிதம்பரம் வழியாகத் தெற்கே போக வேண்டும். நான் "கட்டியாச்சா" என்று கேட்பதற்குள்ளேயே அவன் "ரைட்" என்றான். அவன் வலது பக்கம் போகவே இல்லை. கண்ணாடியில் அதை நான் பார்த்தேன். பார்த்துக்கொண்டேதான் கியர் போட்டேன். இதைத்தான் இத்தனை வருஷம் யாரிடமும் சொல்லவில்லை. வெள்ளாற்றுப் பாலத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு பஸ்ஸுக்காக லேசாக ஒடித்தேன், அவ்வளவுதான். வலது பக்கம் பாதி லோடு கடகடவென்று ரோட்டில் கொட்டியது. எதிரே சைக்கிளில் கீரைக்கட்டு வைத்துக்கொண்டு ஒருத்தர் வந்துகொண்டிருந்தார். சத்தம் கேட்டுக் குதித்துவிட்டார். சைக்கிள் கட்டைக்கு அடியில் போனது. ரோடெல்லாம் கீரை. ஓடிப்போய்த் தூக்கினேன். அவர் என்னைத் திட்டவில்லை. "ஏங்க, நீங்க பாக்கலியா" என்று மட்டும் கேட்டார். பார்த்தேன் என்று சொல்ல முடியுமா. "கயிறு அறுந்துட்டுதுங்க" என்றேன். அன்றிலிருந்து அதையே சொல்லிக்கொண்டு வருகிறேன்.

கலியமூர்த்தியைத் தேடி ஸ்ரீமுஷ்ணத்துக்குப் போனேன், அவர் ஊர் அது. அங்கே நெல் மண்டியில் மூட்டை அடுக்கிக்கொண்டிருந்தார். திரும்ப வா என்று கூப்பிட்டேன். "வேணாம் அண்ண. நீங்க நல்லவருதான், ஆனா அவசரம் ஜாஸ்தி. ஒங்களுக்குப் பதில் சொல்ல எனக்கு வேகம் பத்தாது" என்று டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டார். அந்த அவசர வாய் எனக்கு இருந்ததுபோல் உனக்கும் இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் கேள்வி முடிவதற்குள் கை தூக்குவாய், நானும் ஊரெல்லாம் பெருமை பேசினேன். அந்தப் பழக்கத்தை உரம் போட்டு வளர்த்தவன் நான். அதனால் உன்னைத் திட்ட எனக்குப் பாதி உரிமைதான் உண்டு. மீதி பாதிக்குத்தான் பொட்டை உரித்தேன்.

இதற்குள் உன் அக்கா சிதம்பரத்திலிருந்து போன் பண்ணிவிட்டாள். "ப்பா, தம்பி மூஞ்சிய தூக்கி வெச்சிகினு ஒக்காந்திருக்கான். கொத்சு வெச்சேன், ஏழு இட்லி சாப்ட்டான், பேசல" என்றாள். ஏழு இட்லி சாப்பிட்டவன் கோபம் பாதி குறைந்தவன். "போன்ல ஏதாவது மெயில் கியில் தட்டினானா பாத்தியா" என்று கேட்டேன். "தட்டறான், அழிக்கறான், தட்டறான்" என்றாள். அதனால்தான் கை வலித்தாலும் எழுதிக்கொண்டே இருக்கிறேன்.

கதவு சத்தம் கேட்கிறது. நாலரை ஆகிறது. வந்துவிட்டாய். பேசாமல் வந்து முதுகுக்குப் பின்னால் நின்று படிக்கிறாய். எழுத எழுதப் படிக்கிறாய் என்பதால் இதையும் படி: செருப்பை வெளியே விட்டுவிட்டு வா. விட்டுவிட்டு வந்து, முதல் பக்கத்திலிருந்து ஒவ்வொரு தாளாக எடுத்துப் படித்தாய். குளத்துக் கதை வந்த இடத்தில் "ரெண்டு பேருகிட்டதானா" என்று கேட்டாய். சவுக்குக் கட்டை வந்த தாளை மட்டும் நின்றபடி இரண்டு தடவை படித்தாய்.

"கண்ணாடில பாத்தியாப்பா?"

"பாத்தேன்."

"பாத்துட்டா எடுத்த?"

"ஆமாண்டா."

தாளை அடுக்கி வைத்தாய். போனை எடுத்தாய். அந்த மெயிலைத்தான் அனுப்பப்போகிறாய் என்று நினைத்தேன். காதில் வைத்தாய். "சுந்தரம் சார், நான்தான் பேசறேன். நாளைக்கு ஹைதராபாத்துக்கு எந்த டிரெயின்ல வரீங்க? இல்ல சார், ஒண்ணும் பிரச்சன இல்ல. என் வாய் கொஞ்சம் முந்துது சார். கிளாஸ் தொடங்கறதுக்கு முன்னாடி ரெண்டு பேரும் ஒக்காந்து ஒருவாட்டி பாக்கலாமா, நீங்க பாக்கற ஸ்பீடுல" என்று சொல்லிக்கொண்டே பின்பக்கம் நடக்கிறாய்.

டேய், இரு. இன்னும் முடிக்கவில்லை. அந்தப் பயிற்சிக் கேப்டன் உன்னைக் கூட்டிக்கொண்டு பின்னால் போய் சரக்கின் மேல் போட்ட வலையையும் பூட்டையும் காட்டுவார் பார், அப்போது நீ தூங்கி வழியாமல் நிற்க வேண்டும். அப்புறம் அங்கே சாப்பாட்டை நீயேதான் சூடு பண்ண வேண்டும், உனக்கு அடுப்புப் பக்கமே போய்ப் பழக்கமில்லை. கொல்லைக் கதவைத் தாண்டிவிட்டாய், கூப்பிட்டாலும் திரும்பவில்லை. கேட்கிறவன் போய்விட்டான் என்பதற்காகச் சொல்கிறவன் நிறுத்துவதா. இன்னொன்று என்னவென்றால்,